கொளுக்கியை மாட்டுமுன் கையொப்பம்

மக்களையோ மருமக்களையோ கனடாவுக்கு அனுப்பாத குடும்பம் இன்று வடபுலத்தில் அரிதாகிவிட்டது. அங்கிருந்து தொலைபேசியில் வரும் செய்திகளிலே பனியின் கடுமைக்கும் வீட்டு வாடகையின் உயர்வுக்கும் அடுத்தபடியாக இடம்பெறுவது மோட்டார் வாகனமேயாகும். ஒன்ராறியோ மாகாணத்தில், சிறப்பாக ரொறன்ரோ நகரின் கீழ்ப்பாகமாகிய ஸ்காபரோவில் வாழும் நம்மவர்க்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் தொழிற்சாலைக்குச் செல்வதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், முதியோரை வைத்தியரிடம் அழைத்துப் போவதும் அதனைக் கொண்டே நடைபெறுகின்றன. அத்தகைய கார் நெடுஞ்சாலை நடுவே மோதுண்டு நின்றுவிட்டால் அடுத்த அரைமணி நேரத்தில் நிகழ்வன யாவை? அந்த அரைமணி நேரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ரொறன்ரோவை ஊடறுத்துச் செல்லும் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை வட அமெரிக்காவிலேயே மிகுந்த நெருக்கடி உடையது என்பர். அதன் சில பகுதிகளில் நாளொன்றுக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. அங்கே இரு கார்கள் முட்டிக்கொண்டால், அழைப்பார் எவருமின்றியே ஓர் இழுவை வண்டி வந்து நிற்பது நெடுங்கால வழக்கம். நம்மவர் பேச்சு வழக்கில் 'பிறேக்டவுண் லொறி' என்று சொல்லும் வண்டிதான் அது. சில வேளைகளில் அம்புலன்ஸ் வருமுன்னரே அது வந்துவிடும். பொலிஸாரின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு விபத்து நடந்த இடத்துக்கு விரைந்தோடி வருவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பலர் இருந்தனர். அதிர்ச்சியிலே கைநடுங்கி நிற்கும் சாரதியிடம் ஒரு கடதாசியை நீட்டி, "இதிலே ஒரு கையெழுத்து வையுங்கள், மிகுதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அந்தக் கடதாசியில் தொகை எழுதப்பட்டிராது. கார் போய்ச் சேரும் இடமும் எழுதப்பட்டிராது. சில நாட்கள் கழித்து, எங்கோ ஒரு வளவினுள்ளே கிடக்கும் காரை மீட்கச் சென்றவர் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைப்பட்டியலைக் கண்டு திகைப்பார்.

இத்தொழிலின் பிறப்பு இவ்வாறானதன்று. 1916 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ரெனசி மாநிலத்துச் சற்றநூகா நகரில், ஏர்னெஸ்ற் ஹோம்ஸ் என்னும் மோட்டார்ப் பொறிவினைஞரின் நண்பர் ஒருவருடைய கார் ஓடையிலே கவிழ்ந்தது. பலர் கூடிக் கயிறும் கட்டைகளும் கொண்டு பல மணி நேரம் பாடுபட்டே அதனை வெளியே எடுத்தனர். இனி இவ்வாறு அல்லற்படுதல் ஆகாதெனக் கருதிய ஹோம்ஸ், 1913 ஆம் ஆண்டுக் கடிலாக் கார் ஒன்றின் மேலே மூன்று தூண்களையும் ஒரு கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார். அதுவே முதல் இழுவை வண்டி. இடருற்ற நண்பனுக்கு உதவவெனப் பிறந்த பொறி, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இடருற்றவனைச் சுரண்டும் கருவியாகவும் ஆனது வியப்பே.

வியப்பென்றாலும் காரணம் எளிது. காரை இழுத்துச் செல்வதற்கான கூலி மட்டுமே வருமானமாயின் எவரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஓடார். உடைந்த காரைத் தம்மிடம் கொண்டுவருபவர்க்குச் சில கராஜ்கள் தரகுப் பணம் கொடுத்தன. வாகனங்களை நிறுத்திவைக்கும் வளவுகள் நாட்கூலி அறவிட்டு அதிலே பங்கு கொடுத்தன. காயமுற்றவரை உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்துக்கோ வழக்குப் பேசுவோரிடமோ அனுப்பிவைத்தால் அதற்கும் ஒரு சன்மானம். ஆகவே விபத்துற்ற ஒரு கார் பல கைகளுக்குப் பணம் கறக்கும் பசுவாயிற்று. இறுதியிலே இவ்வளவுக்கும் பணம் கொடுப்பது காப்புறுதி நிறுவனம் என்று சிலர் ஆறுதல் கொள்வர். காப்புறுதி நிறுவனம் எங்கிருந்து கொடுக்கும்? அடுத்த ஆண்டின் கட்டணத்திலே ஊர் முழுவதிடமும் அது வாங்கிவிடும். ஒன்ராறியோவிலே காப்புறுதியின்றிக் கார் ஓட்டுதல் குற்றமாதலால் தப்ப வழியில்லை.

பணம் பெருகிய இடத்தில் பகையும் பெருகிற்று. எந்த வீதி எவருக்குரியது என்னும் போட்டியில் இழுவை வண்டிகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன, கொலைகளும் நிகழ்ந்தன. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் யோர்க் பிராந்தியப் பொலிஸார், 'பிளற்றினம்' எனப் பெயரிட்ட புலனாய்வின் பயனாகப் பலரைக் கைது செய்ததாக அறிவித்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மாகாண அரசு இத்தொழிலை ஆராய ஒரு குழுவை அமைத்தது.

அதற்குமுன் சட்டமே இல்லாதிருந்தது எனக் கூறுதல் தவறு. சில நகரசபைகள் தம் எல்லைக்குள் அநுமதிப்பத்திரம் வழங்கிவந்தன. ஆனால் ஒரு நகரசபையின் எல்லையைத் தாண்டியதும் அநுமதி வேண்டாத நிலையும் இருந்தது. நெடுஞ்சாலையிலே விபத்து நடந்த இடத்திலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் நின்று இழுவைத் தொழிலுக்கு ஆள் பிடித்தல் ஆகாது என்னும் விதியும் இருந்தது. 2017 ஜனவரி 1 ஆம் திகதி தொடக்கம் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. முற்கூட்டிச் சொன்ன தொகைக்கு மேலாக நூற்றுக்குப் 10 வீதத்துக்கு அதிகமாக இறுதிப் பட்டியல் உயரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நல்ல விதிதான். எனினும் விதி ஓரிடத்திலும், அதனைக் கண்காணிப்போர் வேறிடத்திலும், அநுமதிப்பத்திரம் மூன்றாமிடத்திலும் இருந்தால் பயன் என்ன?

இக்குறையைப் போக்கவே 2021 ஆம் ஆண்டில் வாகன இழுவை, களஞ்சியப் பாதுகாப்பு, அமுலாக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பெயர் நீளமானது, கருத்து எளியது. மாகாணம் முழுவதற்கும் ஒரே அத்தாட்சி. அதனை வழங்குவதும் பறிப்பதும் போக்குவரத்து அமைச்சைச் சார்ந்த பணிப்பாளர் ஒருவர். 2024 ஜனவரி 1 ஆம் திகதி முதல் இழுவைத் தொழில் நடத்துவோரும் வாகனங்களை நிறுத்திவைக்கும் வளவினரும் இவ்வத்தாட்சியைப் பெற்றிருத்தல் வேண்டும். அதே ஆண்டு ஜூலை 1 ஆம் திகதி முதல் வண்டியை ஓட்டும் சாரதிக்கும் தனி அத்தாட்சி கட்டாயமாயிற்று. சாரதி பதினெட்டு வயது நிரம்பியவராயும், வண்டிக்குரிய சாரதி அநுமதிப்பத்திரம் உடையவராயும், உரிய பயிற்சி பெற்றவராயும் இருத்தல் வேண்டும். அவருடைய குற்றப் பதிவும் பார்வையிடப்படும். தொழில் நடத்துவோர் காப்புறுதி வைத்திருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நம் உறவினர்க்கு நேரே பயன்படும் பகுதி இனித்தான் வருகின்றது. கொளுக்கியை மாட்டுமுன் கார் உடையவரோ அவர் சார்பில் நிற்பவரோ சம்மதப் படிவத்திலே கையொப்பமிடுதல் வேண்டும். கார் எங்கே கொண்டுபோகப்படும் என்பதை உடையவரே தீர்மானிக்கலாம். தம் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகச் சொன்னாலும் மறுக்கலாகாது. குறிப்பிட்ட ஒரு கராஜுக்கு எடுத்துச் செல்வதால் இழுவைக்காரர்க்குத் தரகு கிடைக்குமாயின் அதனை அவர் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். முன்னாளிலே மறைவில் கைமாறிய பணத்தை வெயிலிலே கொண்டுவந்து வைத்தது இந்த ஒரு விதியே. எம் மதிப்பிலே சட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

கூலி வகையிலும் புது ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு தொழில் நடத்துநரும் தாம் அறவிடக்கூடிய உச்சக் கூலிகளின் பட்டியலை அமைச்சுக்குச் சமர்ப்பித்தல் வேண்டும். அப்பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; அதற்கு மேல் ஒரு சதமும் வாங்கலாகாது. அரசு தானே கூலியை விதிக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அதிகமாக எழுதிச் சமர்ப்பித்தவர் அதிகமாகவே வாங்கலாம்! ஆயினும் எழுதிவைத்த தொகை ஊரறியக் கிடப்பதால் ஆராய்ந்து பார்க்க இடமுண்டு. பணம் கொடுக்குமுன் இன்ன வேலைக்கு இன்ன தொகை என வகுத்தெழுதிய பட்டியலைப் பெறுதல் வாடிக்கையாளரின் உரிமை. காசாகவே தரவேண்டுமென வற்புறுத்தலும் இயலாது. கடனட்டையையும் ஏற்றல் வேண்டும்.

வளவிலே கிடக்கும் காரின் கதை வேறு. இழுத்த கூலி ஒருமுறைக்கே உரியது. நிறுத்திவைத்த கூலி நாள்தோறும் வளர்வது. உடையவர் வைத்தியசாலையில் கிடக்கையில், தம் கார் எங்கே உள்ளதென்பதை அறியாமலே ஒரு மாதக் கூலியைச் சுமக்க நேர்ந்ததுண்டு. முன்பு, உடையவர் தாமே ஒப்படைக்காத வாகனத்தைப் பற்றி அவருக்கு அறிவிக்க வளவுக்காரர்க்கு 60 நாள் தவணை இருந்தது. அறுபது நாட் கூலியையும் சேர்த்துவிட்டு ஆறுதலாகக் கடிதம் எழுதலாம் அன்றோ! 2016 ஜூலை முதல் ஒன்ராறியோப் பதிவுடைய வாகனங்களுக்கு அத்தவணை 15 நாளாகக் குறைக்கப்பட்டது. காருக்குள்ளே அகப்பட்ட மருந்துப் பெட்டி, கடவுச்சீட்டு, குழந்தையின் ஆசனம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேலை நாட்களில் காலை 8 மணி தொடக்கம் மாலை 5 மணி வரை அநுமதித்தல் வேண்டும். அதற்கெனக் கட்டணம் வாங்கலாகாது.

இழுத்துச் செல்லும் வழியிலே காரின் அச்சு முறிந்தாலோ, வளவிலே கண்ணாடி நொறுங்கினாலோ பொறுப்பு எவருடையது? இங்கே புதிய சட்டத்துக்கு முற்பட்ட பழைய ஆங்கிலப் பொதுச் சட்டமே பேசுகின்றது. பிறர் பொருளைத் தன் கைவசம் ஏற்றவன் அதனைத் தகுந்த கவனத்தோடு காத்தல் வேண்டும். அது கெட்டுப்போனால், தன் கவனக்குறைவால் அன்று என நிரூபிக்கும் சுமை அவனையே சாரும். நம் முன்னோர் அடைக்கலப் பொருள் எனப் போற்றியதும் ஏறத்தாழ இக்கருத்தையே. ஆனால் கொளுக்கி மாட்டுமுன்னரே இருந்த சேதத்துக்கு அவன் பொறுப்பாளியல்லன். ஆதலின் கார் அசையுமுன் கைத்தொலைபேசியில் நாற்புறமும் படம் பிடித்துக்கொள்வது பின்னர் வழக்கறிஞர்க்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தும்.

உரிமைகள் எல்லாம் எவ்விடத்தும் செல்லும் என எண்ணிவிடலாகாது. வீதியைத் திறப்பதற்காகப் பொலிஸார் ஒரு காரை அகற்றச் சொன்னால் உடையவரின் சம்மதத்துக்குக் காத்திரார். மேலும், 2021 டிசம்பர் 13 ஆம் திகதி ரொறன்ரோவைச் சூழ்ந்த நெடுஞ்சாலைகளில் நான்கு கட்டுப்படுத்தப்பட்ட இழுவை வலயங்கள் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டன. ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரே ஒரு நிறுவனம் நியமிக்கப்பட்டது. மற்றையோர் அங்கே தொழில் செய்யலாகாது. 401 ஆம் நெடுஞ்சாலையில் 400 ஆம் நெடுஞ்சாலைச் சந்தியிலிருந்து ஸ்காபரோவின் மோணிங்சைட் வீதி வரை ஒரு வலயமாயிற்று. நம்மவரிற் பெருந்தொகையினர் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் பாதை அது. அத்தகைய வலயத்துக்குள் இழுவைக்காரரைத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. போய்ச்சேரும் இடத்தைச் சொல்லும் உரிமை மட்டும் உண்டு. ஏகபோகம் நன்றோ எனக் கேட்பவர் உளர். நான்கு வண்டிகள் முந்திக்கொண்டு ஓடிவந்து ஐந்தாவது விபத்தை உண்டாக்கிய காலத்தைக் கண்டவர்கள் அவ்வாறு கேளார் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவ்வளவும் எழுதியபின், நேர்மையாகத் தொழில் செய்வோரைப் பற்றியும் சிறிது கூறாதிருத்தல் முறையன்று. உறைபனி பொழியும் நள்ளிரவிலே, சில்லுகள் நூறு கிலோமீற்றர் வேகத்தில் உருளும் வீதியோரத்தில், முழந்தாளிட்டுச் சங்கிலி பூட்டும் தொழில் அவர்களுடையது. பின்னால் வரும் சாரதி ஒருகணம் கண்ணயர்ந்தாற் போதும், அவர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை. அவ்வாறு மாண்டோரும் உளர். இதனாலேயே, அவசர வாகனங்களுக்கு மட்டும் இருந்த ஒதுங்கிச் செல்லும் விதி 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி இழுவை வண்டிகளுக்கும் விரிக்கப்பட்டது. வீதியோரத்திலே மஞ்சட் செவ்வொளி மின்ன நிற்கும் இழுவை வண்டியைக் கண்டதும் சாரதி வேகத்தைத் தணித்தல் வேண்டும். இயலுமாயின் அடுத்த ஒழுங்கைக்கு விலகிச் செல்லுதலும் வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்று மகனருகே முன்னாசனத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரும் அந்த ஒளியைக் கண்டால், "தம்பி, மெல்லப் போ" என ஒரு வார்த்தை சொல்லலாம். தவறினால் முதற் குற்றத்துக்கே 400 டொலர் முதல் 2,000 டொலர் வரை தண்டம். சாரதியின் பதிவிலே மூன்று குற்றப் புள்ளிகளும் ஏறும்.