மருந்தடித்த மாலையில் சிறுநீர்ப் பரிசோதனை

பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வரும் மாலையில் தலை கனக்கிறது, கண் எரிகிறது, லேசாகக் கிறுகிறுக்கிறது. 'மருந்து வாடை ஏறிவிட்டது' என்கிறோம். அந்த வாடையில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானுக்கும் பங்கு உண்டு.

புட்டியில் 'ஈ.சி.' என்று இருந்தால், தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் வகை அது. தண்ணீரில் கரையாத பூச்சிக்கொல்லியைப் பெரும்பாலும் சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்திருப்பார்கள். சைலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் ஏறும். முகத்தில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. தெளிப்பவரைவிட, மூடியைத் திறந்து அளந்து ஊற்றுபவர்தான் அடர்மருந்தின் பக்கத்தில் நிற்கிறார்.

எவ்வளவு ஏறியது என்பதைச் சிறுநீரில் பார்க்கலாம். கல்லீரல் சைலீனை மெத்தில் ஹிப்பூரிக் அமிலமாக மாற்றுகிறது. உடலில் சேர்ந்த சைலீனில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் வெளியேறுகிறது. சைலீன் படாதவரிடம் இந்த அமிலம் மிகக் குறைவு. புகைப்பவரிடம் சற்றுக் கூடுதலாக இருக்கும். டொலுயீனுக்குப் பார்க்கும் ஹிப்பூரிக் அமிலம் அப்படியல்ல. தேநீர், பழம், பென்சோயேட் சேர்த்த குளிர்பானம் ஆகியவற்றாலும் அது கூடும்.

நேரம்தான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் சிறுநீர் கொடுத்தே பழகிவிட்டோம். இதற்கு அது சரிவராது. வேலை முடிந்த கையோடு எடுக்க வேண்டும், விடிவதற்குள் பெரும்பகுதி போய்விடும். முதலில் சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விரலில் ஒட்டிய மருந்து மாதிரியில் விழக்கூடாது. வேலைக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி எடுத்தால் வித்தியாசம் தெளிவாகும். வெயிலில் தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும் என்பதால், அமில அளவைக் கிரியேட்டினினோடு சேர்த்தே கணக்கிடுவார்கள்.

மது குடித்திருந்தாலோ, தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தாலோ அளவு குறைவாக வரும். சைலீன் ஏறாததால் அல்ல, உடல் அதை மாற்றி வெளியேற்றுவது தடைபடுவதால். மாதிரி எடுக்கும் விரிவாக்கப் பணியாளர்கள் இவ்விரண்டையும் கூச்சப்படாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பரிசோதனை கரைப்பானை மட்டுமே காட்டும், பூச்சிக்கொல்லியின் நஞ்சைக் காட்டாது. புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும். எச்சில் வழிதல், வாந்தி, கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் இருந்தால் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். லேபிளோடு புட்டியும் கூடவே போகட்டும்.