பிள்ளையின் மனமும் திருவிழாத் தின்பண்டமும்

வைகாசித் தேரோட்டம் என்றால் வில்லியனூரும் சுற்றுக் கிராமங்களும் ஒன்றாகத் திரண்டுவிடும். கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீஸ்வரர் தேரில் எழுந்தருள, ஆளுநரும் வந்து வடம் பிடிக்கும் மரபு பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்டுத் தொடர்கிறது. பெரியோர் கைகூப்பி நிற்க, பிள்ளைகளின் கண்களோ வீதியோரக் கடைகளை நாடும். ரோஜா நிற மிட்டாய், செக்கச்சிவந்த குச்சி ஐஸ், பளீரென்ற மஞ்சள் பானம் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார்கள்.

வீடு திரும்பிய பின் சில பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைகொள்ள மாட்டார்கள். காரணமின்றி அழுவார்கள், தம்பி தங்கையை அடிப்பார்கள், நள்ளிரவு வரை உறங்க மறுப்பார்கள். பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழிப்பார். தந்தை கையை ஓங்குவார். அன்று அந்தப் பிள்ளை என்ன தின்றது என்று கேட்பவர் மட்டும் குறைவு.

அப்படிக் கேட்க வேண்டிய தேவையைப் புதுச்சேரி 2024 பிப்ரவரியில் உணர்ந்தது. விற்பனைக்கு வந்த பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் இருப்பது சோதனையில் தெரியவர, அன்றைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் அதன் விற்பனைக்குத் தடையை அறிவித்தார். அதே மாதம் தமிழ்நாட்டு அரசும் தடை விதித்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் அந்தச் சாயத்துக்கு உணவில் இடமே இல்லை.

ஆனால், உணவில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கும் சாயங்களைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுப் பிள்ளைகளையும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளையுமாக ஏறத்தாழ 300 பேரை ஆராய்ந்து, 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட் என்னும் பதப்பொருளும் கலந்த பானம் ஒரு வாரம், அவை இல்லாத பானம் மற்றொரு வாரம் எனக் கொடுக்கப்பட்டது. எது எந்த வாரம் என்பது பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. சாயம் கலந்த பானம் பருகிய காலத்தில், சராசரியாகப் பார்க்கையில், பிள்ளைகளின் அடங்காத் துறுதுறுப்பு சற்றே கூடியிருந்தது.

இதன் விளைவாக, அந்த ஆறு சாயங்களில் எதைச் சேர்த்தாலும் குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2010 ஜூலை முதல் அவ்விதி நடைமுறையில் உள்ளது. அந்த ஆறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் நம் நாட்டில் அளவு வரையறையுடன் அனுமதிக்கப்பட்டவை. உறையில் முறையே 102, 110, 122, 124 என்ற எண்களைக் கொண்டு அவற்றை அறியலாம். வீட்டில் கேசரிக்குச் சேர்க்கும் நிறப்பொடியிலும் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே இருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் நேராது, தம்பி மட்டும் துவண்டு போகலாம். உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சிதைக்கும் மரபணுவில் உள்ள வேறுபாடு இதற்கு ஒரு காரணமாகலாம் எனப் பின்னாளைய ஆய்வு காட்டியது. சர்க்கரையே பிள்ளையை முரடாக்குகிறது என்ற பரவலான எண்ணத்துக்கோ ஆய்வுகளில் ஆதாரம் கிட்டவில்லை. திருவிழா நாளின் உறக்கக் குறைவும் இரைச்சலும் கூடப் பிள்ளையை அலைக்கழிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே தாய்மார் செய்யத்தக்கது பொறுமையாகக் கவனிப்பதே. இரண்டு மூன்று வாரங்களுக்கு, பிள்ளை உண்டது, உறங்கிய நேரம், நடந்துகொண்ட விதம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வரலாம். சாயமிட்ட பண்டங்களைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். அவற்றை நிறுத்துவதால் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் பால், கோதுமை, பருப்பு போன்ற ஊட்டமான உணவுகளை ஐயத்தின் பேரில் தாமாகவே விலக்குதல் தவறு. வளரும் உடல் மெலியும். பால் குடித்தபின் வயிற்று வலியும் சிணுங்கலும் தொடர்ந்தாலோ, கவனக் குறைவு பள்ளியிலும் நீடித்தாலோ, அந்த நோட்டுடன் குழந்தை மருத்துவரை நாடுவதே நலம். இரும்புச்சத்துக் குறைவும் பிள்ளையைச் சோர்வும் சினமும் உள்ளதாக்கும். அதைச் சோதனையால்தான் அறிய இயலும்.

உணவு மனத்தை ஆக்கும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பகுத்துரைக்கிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், தன் உடலுக்கு ஒவ்வாததை விலக்கி உண்பவனுக்கு நோய்த்துன்பம் இல்லை என்கிறது. மடைப்பள்ளியில் வேகும் சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லமே நிறம் தருகிறது. புளியோதரைக்கு மஞ்சளே போதுமானது. நேர்த்திக்கடனாக அன்னதானத்தில் கேசரி படைப்போர், நிறப்பொடிக்கு மாற்றாகக் குங்குமப்பூவையோ சிறிது மஞ்சளையோ சேர்க்கலாம். நிறமே இல்லாவிட்டாலும் இறைவன் ஏற்பான்.

மூலநாதர் கோயில் கொண்டுள்ள பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. கற்போரின் மனம் கல்வியில் நிற்க அவர்தம் வயிறும் வாழ்வும் பேணப்பட வேண்டும் என்பதை அம்மண் அன்றே அறிந்திருந்தது.

அடுத்த தேரோட்டத்தன்று பிள்ளை கைநீட்டிக் கேட்கும்போது பொரியும் கடலையும் வெல்ல உருண்டையும் வாங்கித் தரலாம். இரவில் அது அடம்பிடித்தால், கையை ஓங்குமுன் அன்று அது உண்டதையும் உறங்கியதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கோகிலாம்பிகை சந்நிதியில் பிள்ளைக்கு நல்ல புத்தி வேண்டி நிற்கும் பெற்றோர், அப்புத்திக்கு இடையூறாவது எதுவெனக் கண்டு விலக்குவதும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே.