தொன்மமும் தேசமும்: காவேயின் கொடி

இஸ்லாம் பரவியபின் எகிப்தும் சிரியாவும் காலப்போக்கில் அரபு பேசும் நாடுகளாயின. பாரசீகர் மார்க்கத்தை ஏற்றனர், மொழியை விடவில்லை. இதற்குரிய காரணங்களுள் ஒன்றாக அறிஞர் பலர் சுட்டுவது, தூஸ் நகரத்துக் கவிஞர் ஃபிர்தவ்ஸி ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1010) நிறைவு செய்த 'ஷாஹ்நாமா'. ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட அக்காப்பியம் இறைவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் போற்றித் தொடங்கி, இஸ்லாத்துக்கு முந்திய மன்னர்களின் கதைகளைப் பாடுகிறது. இதில் கவிஞர் முரணெதுவும் காணவில்லை.

அவற்றுள் ஒன்று ஸஹ்ஹாக் கதை. இப்லீஸ் முத்தமிட்ட அவன் தோள்களில் பாம்புகள் முளைக்கின்றன. நாள்தோறும் இரு மனிதரின் மூளையே அவற்றுக்கு உணவு. தன்னை நீதிமான் என்று சான்றளிக்கும் பத்திரத்தில் பெரியோரின் ஒப்பத்தையும் அவன் வாங்குகிறான். (கொடுங்கோலனுக்கும் நற்சான்று வேண்டியிருக்கிறது!) பிள்ளைகளைப் பறிகொடுத்த கொல்லன் காவே அதனைக் கிழித்தெறிந்து, தன் தோலாடையை ஈட்டியில் உயர்த்துகிறான். அத்தோலே பின்னர் அரசுக் கொடியாகிறது.

காப்பியம் ஸஹ்ஹாக்கை அரபியனாகக் காட்டுவதால், இருபதாம் நூற்றாண்டுத் தேசியவாதிகள் சிலர் அரபு வெறுப்புக்கு அதனைத் துணைக்கழைத்தனர். அவனுடைய தந்தை மர்தாஸும் அரபியரே. இறையச்சமுள்ள நல்லரசர் என்றே ஃபிர்தவ்ஸி அவரைப் பாடியிருக்கிறார். வசதியான மறதி! 1934இல் ரிஸா ஷா, தூஸில் கவிஞரின் நினைவு மண்டபத்தைத் திறந்துவைத்துக் காப்பியத்தை முடியாட்சியின் பெருமையாக்கிக்கொண்டார்.

ஆயினும் கொல்லன் அரண்மனைக்குள் அடங்கவில்லை. குர்து மக்கள் காவேயைத் தம்மவராகவே கொண்டு, நவ்ரூஸ் விழாவில் தீ மூட்டுகின்றனர். துருக்கியில் அவ்விழா பல்லாண்டுகள் ஒடுக்கப்பட்டது. 1990களின் நடுவில் அரசே அதனைத் துருக்கியரின் தொன்மையான திருநாள் என்று கொண்டாடத் தொடங்கிற்று.