அமராவதி நகருக்கு முன்னால் ஒரு வருஷம்

"அண்ணே, பொண்ணு அஞ்சாவது வந்துட்டா. சைனிக் ஸ்கூலுக்கு எழுத வைக்கலாம்னு இருக்கேன். எந்தக் கோச்சிங்ல சேக்கட்டும்?"

புவனகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சிதம்பரம் மேல வீதி டீக்கடையில் கேட்டது. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிட முடிகிற கேள்வி இல்லை. கோச்சிங் எது என்பது கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. அவருக்குச் சொன்னதை, அதே யோசனையில் இருக்கும் மற்ற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு சாதாரணத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கப் போனால் பிள்ளைக்குத் தேர்வு வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆவது பிரிவு. பிள்ளையை மட்டுமல்ல, அப்பா அம்மாவை உட்கார வைத்து வடிகட்டுவதையும் அது தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் வரை அபராதம். எனவே உள்ளூர்ப் பள்ளிக்காக ஒன்பது வயதுப் பிள்ளையைத் தயார் செய்கிறேன் என்று இரவு பத்து மணி வரை விழிக்க வைப்பது தேவையற்ற வதை.

தேர்வு வைத்தே சேர்க்கிற பள்ளிகள் வேறு வகை. நவோதயா அதில் ஒன்று. தமிழ்நாட்டில் அது கிடையாது. புதுச்சேரி காலாப்பட்டில் இருக்கிறது. கடலூரிலிருந்து பக்கம்தான், ஆனால் அந்த மாவட்டத்தில் குடியிருந்து அங்கேயே படிக்கிற பிள்ளைக்குத்தான் அங்கே இடம். நம் ஊர்ப் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. இன்னொன்று உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்கு அருகில் அமராவதி நகரில், 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள சைனிக் பள்ளிகள் சங்கம் நடத்துகிறது. பிள்ளைகளைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வது அதன் நோக்கம். ஆனால் படித்து முடித்தவர் ராணுவத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2021-22 முதல் ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள்: 10 விழுக்காடு அல்லது 10 இடம், இரண்டில் எது அதிகமோ அது. தம்பியின் மகள் எழுதலாம்.

வயதுக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். சேருகிற ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. ஐந்தாவது படிக்கும்போது ஒருமுறை எழுதலாம். கிடைக்காவிட்டால் ஆறாவது படித்துக்கொண்டே மறுபடி எழுதி, அங்கே மீண்டும் ஆறாவதில் சேரலாம். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரே வாய்ப்புதான் என்ற பயத்தோடு உட்காரும் பிள்ளையை விட இது தெரிந்த பிள்ளை நிதானமாக எழுதும்.

இனி தேர்வு. மொத்தம் 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், அதுவே 150. மொழி, மனத்திறன், பொது அறிவு மூன்றிலும் தலா 25 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையாது. வினாத்தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பொதுவான விதிப்படி ஒவ்வொரு பகுதியிலும் 25 விழுக்காடும், மொத்தத்தில் 40 விழுக்காடும் எடுத்தால்தான் தகுதி. இடம் கிடைப்பதற்கு அதற்கு மேல் நிறைய வேண்டும், அது வேறு.

இந்த எண்களை வைத்துக் கொஞ்சம் யோசித்தால் எங்கே உழைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். மதிப்பெண்ணில் சரிபாதி கணக்கு. ஒரு கேள்விக்குக் கிடைப்பது சராசரியாக 72 விநாடி. தப்புக்குத் தண்டனை இல்லாததால் விடைத்தாளில் எந்தக் கேள்விக்கும் வட்டத்தைக் கறுப்பாக்காமல் விடக் கூடாது. பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்துக் கணக்கைக் கைவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளையின் உழைப்பு தப்பான இடத்தில் போய்க் கொட்டுகிறது.

கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் அரசுப் பள்ளியில் ஐந்தாவது படிக்கும் பிள்ளை தன் புத்தகத்தை வரிக்கு வரி படித்திருந்தாலும் இந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் பாதி வழியில் நின்றுவிடும். விகிதமும் லாப நட்டமும் நமக்கு ஆறாம் வகுப்பில் வருகின்றன. சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்பில். தேர்வோ இவை எல்லாவற்றையும் கேட்கிறது. கூடவே மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, சராசரி, வேகமும் நேரமும், கனசதுரத்தின் கொள்ளளவு, ரோமன் எண்கள். பிள்ளை மக்கு என்பதால் தடுமாறவில்லை. இன்னும் யாரும் சொல்லித் தராததால் தடுமாறுகிறது. இதைப் புரிந்துகொண்டாலே வீட்டில் பாதிச் சத்தம் அடங்கிவிடும். ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டு வாங்குங்கள். தேவையான பாடங்களை மட்டும் எடுத்து, மாதத்துக்கு இரண்டு என்று நிதானமாக நடத்தினால் ஒரு வருஷம் தாராளம்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை வாய்ப்பாடும் பின்னமும். 16 வரை வாய்ப்பாடு தயங்காமல் வர வேண்டும். முக்கால் பெரிதா ஐந்தில் நாலு பெரிதா என்று கேட்டால் பிள்ளை ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் சதவீதத்துக்குப் போனால் சூத்திரம் மனப்பாடமாகும், கணக்கு வராது. ஏப்ரல், மே இரண்டு மாதத்தையும் இதற்கே கொடுங்கள் என்பேன். மெதுவாகப் போவது போலத் தோன்றும், பரவாயில்லை.

கணக்கை நம் ஊரிலிருந்தே எடுக்கலாம். சிதம்பரத்திலிருந்து கடலூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், பஸ் ஒன்றரை மணி நேரம் எடுத்தால் வேகம் என்ன? புதுச்சத்திரத்தில் இருபது நிமிஷம் நின்றுவிட்டால்? கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால், மீதியை என்ன விலைக்கு விற்றால் நட்டம் வராது? வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, இன்றைக்கு 44.25 அடி என்றால் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும்? இந்தக் கடைசிக் கணக்கில் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. ஏரியின் ஆழத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருந்தால் தண்ணீரும் பத்தில் ஒன்பது பங்கு இருக்குமா என்று கேளுங்கள். ஏரி பெட்டி மாதிரி நேராக இல்லை, மேலே போகப் போக விரியும் என்று பிள்ளை தானே கண்டுபிடித்தால், அன்றைக்கு வேறு எதுவும் படிக்காவிட்டாலும் சரி.

மனத்திறன் பகுதிக்குப் பலர் பயப்படுகிறார்கள். தொடரில் அடுத்த எண், பொருந்தாத சொல், கண்ணாடியில் தெரியும் உருவம், திருப்பிய படம் எல்லாம் அதில் வரும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் படங்கள் ஏற்கெனவே கைவந்தவை. ஒரு கால்பகுதியைப் போட்டுவிட்டு மீதி மூன்றையும் பார்க்காமல் முடிக்கச் சொல்லுங்கள். பையனாக இருந்தாலும் கோலப்பொடியைக் கையில் கொடுங்கள்.

பொது அறிவையும் வீட்டு வாசலிலிருந்து தொடங்கலாம். தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டை யாருடையது, 1758இல் அதைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி யார், வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கிய ஆண்டு எது, நெய்வேலியில் வெட்டுவது நிலக்கரியில் எந்த வகை, பிச்சாவரத்துச் செடி உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது. லாலி, 1867, பழுப்பு நிலக்கரி என்று பதில் சொல்லப் பழகிய பிள்ளைக்கு அடுத்து வருகிற பெயரும் ஆண்டும் எங்கே போய் உட்கார வேண்டும் என்பது தெரியும். காலையில் செய்தித்தாளில் ஒரு செய்தியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மொழிப் பகுதிக்கும் அதுவே பயிற்சி.

"இதெல்லாம் வீட்லயே நடக்குமாண்ணே? நான் பத்தாவது தாண்டல."

நடக்கும். விடை தெரிந்த அப்பா தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருகிற அப்பாவோ அம்மாவோ போதும். கணக்கு புரியாத இடத்தில் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். நான் பார்த்தவரை, ஒரு பிள்ளை இப்படி எழுதப் போகிறது என்று தெரிந்தால் மாலையில் அரை மணி கூட இருந்து சொல்லித் தரும் ஆசிரியர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் டியூஷன் வைத்தாலும் தப்பில்லை. ஆனால் நாலாவதிலேயே பள்ளியை விட்டு எடுத்து, எங்கோ ஹாஸ்டலில் சேர்த்து, லட்சக்கணக்கில் கட்டி, விளையாட்டும் வீடும் இல்லாமல் மாதிரித் தேர்வாக எழுத வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து வயதில் அம்மாவைப் பார்க்காத ஒரு வருஷத்தை, கிடைக்குமா என்று தெரியாத ஓர் இடத்துக்காக எடுத்துக்கொள்வது சரியில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் தவறாமல் பழக்க வேண்டும்: ஓஎம்ஆர் தாள். ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைப்பதாக 2019இல் அறிவித்ததை அரசு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்ல முடிவுதான். அதனால் நம் பிள்ளைக்கு இதுதான் முதல் பெரிய தேர்வு; விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்குவதும் பெரும்பாலும் இதுதான் முதல் முறை. 37ஆம் கேள்வியை விட்டுவிட்டு 38இன் விடையை 37இல் கறுப்பாக்கினால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகிவிடும். மாதிரித் தாளை நகலெடுத்து, கடிகாரம் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார வையுங்கள். கடைசி மூன்று மாதத்தில் மட்டும். முன்கூட்டியே தொடங்கினால் சலித்துப்போகும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு தனியாக உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வரும், தேர்வு ஜனவரியை ஒட்டி. 2025இல் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. ஆக, படிப்பின் உச்சமும் விண்ணப்பமும் வடகிழக்குப் பருவமழையோடு வந்து மோதும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. அதன் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். பாடங்களைத் தீபாவளிக்குள் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தையும் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து சான்றிதழ். இடங்களில் 67 விழுக்காடு அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27 என்று ஒதுக்கீடு. இங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓபிசி சான்றிதழ். நம் கையில் இருப்பது பிசி, எம்பிசி என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ். தம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது; பலருக்கும் தெரியாது. ஈ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழ் என்றே கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தாசில்தார் தருவார். இருப்பிடச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வேலை குறைவாக இருக்கும் ஜூன், ஜூலையில் முடிப்பது நல்லது.

தேர்வுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. கண்ணை இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். கரும்பலகை தெரியாததைப் பிள்ளை பல நேரம் சொல்லாது. கட்டணம் ஆண்டுக்கு லட்சம் ரூபாயைத் தாண்டும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகை உண்டு. அதன் விவரத்தைப் பள்ளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, கையிருப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆசையைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அங்கே பாடம் ஆங்கிலத்தில். தமிழில் தேர்வெழுதிப் போகும் பிள்ளை முதல் ஆறு மாதம் திணறும். தேர்வு முடிந்ததிலிருந்து சேரும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழிக் கணக்குப் புத்தகத்தை வாசிக்கப் பழக்கினால் அந்தத் திணறல் குறையும்.

இத்தனைக்கும் மேல் பிள்ளைக்கு விருப்பம் வேண்டும். திருச்சி, திண்டுக்கல், பழனி தாண்டி ஒருநாள் பயணம். தன் துணியைத் துவைத்துக்கொண்டு, விசிலுக்கு எழுந்து, ஓடி, நினைத்த நேரத்தில் அம்மாவிடம் பேச முடியாமல் இருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். சிலருக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வாரம் பாட்டி வீட்டில் தனியாக விட்டுப் பாருங்கள், பிறகு நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

"கெடைக்கலன்னா இந்த ஒரு வருஷம் வீண்தானே?"

ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே தொட்ட பிள்ளைக்கு எந்த வருஷமும் வீண் போகாது. ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் இருந்தால் மறுபடி தேர்வு வைக்கிறார்கள். அது முழுக்க ஆங்கிலத்தில், 400 மதிப்பெண்ணுக்கு. அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால் எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வரும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். இப்போது கோலப்பொடியில் பழகிய அதே வகைக் கேள்விகள்தான் அங்கேயும் வருகின்றன.