மவுஸுக்கு லீவு விடுங்க... கீபோர்டிலேயே பிரவுஸ் பண்ணலாம் வாங்க!

ஒரு நாளைக்கு எத்தனை முறை உங்கள் கை கீபோர்டிலிருந்து மவுஸுக்குப் போய்த் திரும்புகிறது? போனில் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலே போதும். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், ஒரு லிங்க்கைத் திறக்கவே கை நகர வேண்டியிருக்கிறது. லேப்டாப்பில் டச்பேட் மக்கர் பண்ணினால் அவ்வளவுதான், வேலையே ஓடாது. இதற்காகவே கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டக்கூடிய பிரவுசர்கள் இருக்கின்றன.

எப்படி வேலை செய்யும்?

விஷயம் சிம்பிள். 'எஃப்' கீயை அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு லிங்க் மேலும் ஓரிரு எழுத்துகளோடு குட்டி லேபிள் முளைக்கும். வேண்டிய லிங்க்கின் எழுத்தைத் தட்டினால் அது திறந்துவிடும். கீழே போக 'ஜே', மேலே போக 'கே'.

அது ஏன் 'ஜே', 'கே'? 1976-ல் பில் ஜாய் 'வி.ஐ' என்ற டெக்ஸ்ட் எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய டெர்மினலில் தனி அம்புக்குறி கீகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம்?

எடுத்தவுடனே பிரவுசரை மாற்ற வேண்டாம். குரோம், எட்ஜ், நம்ம ஊர் ஸோஹோவின் 'உலா' என எதுவாக இருந்தாலும், 'விமியம்' என்ற இலவச எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துப் பாருங்கள். 'டி' புது டேப் திறக்கும், 'எக்ஸ்' டேப்பை மூடும், கேள்விக்குறியை அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்டும் பட்டியலாக வரும். ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு 'ட்ரைடாக்டில்' இருக்கிறது.

ஒரு வாரம் பழகிப் பிடித்துப்போனால் 'க்யூட்பிரவுசர்' பக்கம் போகலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃப்ளோரியன் ப்ரூயின் பைத்தானில் எழுதியது, முதல் பதிப்பு 2014-ல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அட்ரஸ் பாரில் போய் க்ளிக் செய்யத் தேவையில்லை, 'ஓ' அழுத்தி முகவரியை டைப் செய்தால் போதும்.

ஆனால் இரண்டு குறைகள். குரோம் எக்ஸ்டென்ஷன்கள் இதில் வேலை செய்யாது. குரோமுக்கு உடனுக்குடன் வரும் பாதுகாப்பு அப்டேட், இதற்குக் கொஞ்சம் தாமதமாக வரலாம். அதனால் பேங்க் வேலைகளுக்குப் பழைய பிரவுசரே இருக்கட்டும்.

தமிழில் டைப் செய்பவரா நீங்கள்?

அப்படியென்றால் இதைக் கவனியுங்க. 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 கீபோர்டில் ஹெச், ஜே, கே, எல் இடங்களில் க, ப, ம, த இருக்கின்றன. 'எஃப்' இடத்தில் புள்ளி. தமிழில் டைப் செய்துவிட்டு அப்படியே 'ஜே' தட்டினால், பிரவுசருக்குக் கேட்பது 'ப'. பக்கம் நகராது. விமியம் செட்டிங்ஸில் கீபோர்டு லேஅவுட்டைப் பொருட்படுத்தாமல் இருக்கச் சொல்லும் ஆப்ஷனை டிக் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் டைப் செய்து முடித்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள்.

வேகம் மட்டுமா விஷயம்?

நமக்கு மவுஸை ஒதுக்குவது ஒரு ஜாலியான சோதனை. சிலருக்குக் கீபோர்டு மட்டும்தான் வழி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருந்தால், தரைத்தளத்தில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான பிரெய்ல் பிரிவைப் பார்த்திருப்பீர்கள். பார்வையில்லாத ஒருவருக்கு மவுஸின் அம்புக்குறியால் என்ன பயன்? அவர்களில் பலர் கம்ப்யூட்டரை இயக்குவது கீபோர்டும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் 'ஸ்க்ரீன் ரீடரும்' வைத்துத்தான். என்.வி.டி.ஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடரில் 'ஹெச்' அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 'கே' அழுத்தினால் அடுத்த லிங்க்குக்கும், 'பி' அழுத்தினால் அடுத்த பட்டனுக்கும் போகலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? பார்ப்பதற்குப் பட்டன் மாதிரி இருக்கும். ஆனால் க்ளிக்குக்கு மட்டுமே அசையும்படி எழுதியிருப்பார்கள். கீபோர்டால் அதைத் தொடவே முடியாது. பட்டனுக்குப் பெயர் வைக்காமல் படம் மட்டும் போட்டிருந்தால், ஸ்க்ரீன் ரீடர் வெறுமனே 'பட்டன்' என்று படிக்கும். எதற்கான பட்டன் என்று எப்படித் தெரியும்? பரீட்சைக்கு விண்ணப்பிப்பதும் டிக்கெட் எடுப்பதும் ஆன்லைனுக்கு வந்துவிட்ட காலத்தில், அந்த ஒரு பட்டன்தான் ஒருவரை வெளியே நிறுத்துகிறது.

இது சலுகை கேட்கும் விஷயம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

நீங்களே செக் பண்ணுங்க

நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு தளத்தைத் திறந்து, மவுஸைத் தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். 'டேப்' கீயை அழுத்தி முன்னே போங்கள், 'ஷிஃப்ட்'டும் சேர்த்து அழுத்தினால் பின்னே, தேர்ந்தெடுக்க 'என்டர்'. எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? கடைசி 'சமர்ப்பி' பட்டன் வரை போக முடிகிறதா? எங்கே மாட்டிக்கொண்டீர்களோ, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்தத் தளத்தின் ஃபீட்பேக் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள். வெப்சைட் டிசைன் செய்வதே உங்கள் வேலை என்றால், அடுத்த முறை லைவ் விடுவதற்கு முன்பு இந்த ஐந்து நிமிட டெஸ்ட்டை நீங்களே செய்துவிடுங்கள்.