நெல்லிக்கனியும் சேம அச்சும்

என் பேச்சில் எங்கே ஓட்டை கிடைக்கும் என்று காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! ஓசூர்ப் பெருமக்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

"மன்னனுக்குப் பெருமை வெற்றியாலா, கொடையாலா?" இதுதான் தலைப்பு. நான் கொடை என்று பேச வந்தவன். ஆனால் மேடை ஏறுவதற்கு முன்னாலேயே ஒருத்தர் என்னை மடக்கிவிட்டார்.

கீழே டீ குடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனிச் சட்டை போட்ட ஒரு தம்பி பக்கத்தில் வந்தார். சிப்காட்டில் வேலையாம். ராத்திரி ஷிப்டுக்குப் போகணுமாம். "சார், நீங்க அதியமான் நெல்லிக்கனி கதை சொல்லுவீங்கதானே?" என்றார். "ஆமாம் தம்பி, சொல்லாமல் விடுவேனா?" என்றேன். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாதா? சாகாம இருக்கிற பழம் கிடைச்சா வீட்டுக்குத்தானே கொண்டு போகணும்? அதைப் புலவருக்குக் கொடுத்துட்டு, இவர் சண்டைக்குப் போய்ச் செத்துட்டா குடும்பம் என்ன ஆகிறது?"

இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். டாக்டர் பட்டம் வேறு வாங்கியிருக்கிறேன். எந்த மாணவனும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கையில் இருந்த டீ ஆறிப்போச்சு! (சிரிப்பு) தம்பி, மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கீங்க, தெரியுது. பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். கொஞ்சம் பொறுங்க.

முதலில் எதிரணித் தலைவருக்கு ஒரு வார்த்தை. அலெக்சாண்டரைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்தினார். சரி. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸை வென்றவன். மறுக்கவில்லை. அதற்கப்புறம் பியாஸ் நதி வரைக்கும் வந்தான். படைவீரர்கள் "போதும், வீட்டுக்குப் போகணும்" என்றார்கள். திரும்பினான். திரும்புகிற வழியில் மக்ரான் பாலைவனம். தண்ணீர் இல்லை. வீரர்கள் நடக்க நடக்கச் சுருண்டு விழுகிறார்கள். அந்த நேரத்தில் சில வீரர்கள் எங்கேயோ தோண்டிக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, ஒரு தலைக்கவசத்தில் ஏந்திக்கொண்டு வந்து அரசனிடம் நீட்டினார்கள். அவன் வாங்கினான். நன்றி சொன்னான். எல்லாரும் பார்க்க மண்ணில் ஊற்றிவிட்டான். அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்த மாதிரித் தெம்பானார்கள் என்று ஆரியன் என்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அலெக்சாண்டர் செய்ததிலேயே உயர்ந்த காரியம் இதுதான் என்பது என் கட்சி. அது வெற்றியா நண்பர்களே? தனக்கு வந்ததை வேண்டாம் என்றது! எதிரணித் தலைவர் எனக்காக உழைத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. (கைதட்டல்)

சவப்பெட்டிக்கு வெளியே வெறுங்கையை நீட்டிக்கொண்டு போனான் என்று ஒரு கதை சொன்னார் பாருங்க, அது பழைய கிரேக்க நூல்களில் கிடையாது. பின்னால் யாரோ நல்ல மனசோடு கட்டிவிட்டது. நாம் மேடையில் சொல்லிச் சொல்லியே அதை வரலாறாக்கிவிட்டோம். நானும் சொல்லியிருக்கிறேன், மன்னியுங்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நேற்று ராத்திரி மதுரையில் பஸ் ஏறினேன். தொப்பூர்க் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறும்போது விழிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் 'அதியமான்கோட்டை' என்று ஒரு பலகை. அப்புறம் தருமபுரி. அதுதான் பழைய தகடூர். பிறகு கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர். 2004 வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டம்தானே? ஆக, நான் உங்க ஊர்க்காரரைப் பற்றித்தான் உங்களிடமே பேசுகிறேன்.

அதியமான் நெடுமான் அஞ்சியை நமக்குக் காட்டுகிறவர் அவ்வையார். அவ்வையார் என்றவுடனே உங்களுக்கு 1953-இல் வந்த படமும், கோலூன்றிய கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். ஆத்திசூடி பாடிய அவ்வையார் பின்னால் வந்தவர். சங்க காலத்து அவ்வையார் வேறு. புறநானூற்றில் ஒரு மன்னன் அவரைப் பார்த்து, ஒளிவீசும் நெற்றிக்காரியே, மை தீட்டிய கண்ணழகியே என்கிற மாதிரிக் கூப்பிடுகிறான். கோலூன்றி வருகிற பாட்டியை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா? (சிரிப்பு)

அதியமான் சண்டைக்குப் பயந்து கொடை கொடுத்தவன் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தபோது ஏழு பேரையும் வென்றவன். கோவலூரை அழித்தவன். அழித்தவன் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கேயும் தாய்மார்கள் இருந்திருப்பார்கள். அவனுடைய வீரத்தை அவ்வையார் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? ஓசூர்க்காரர்கள் நன்றாகக் கேட்க வேண்டும். ஒரு தச்சன், ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற திறமைசாலி. அவன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அதியமான் அப்படிப்பட்டவன் என்கிறார்! லாரி செய்கிற ஊர், மோட்டார் சைக்கிள் செய்கிற ஊர், கைக்கடிகாரம் செய்கிற ஊர் இது. புரொடக்‌ஷன் என்றால் என்ன, குவாலிட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவ்வையார் ரெண்டையும் ஒரே உவமையில் வைத்துவிட்டார். (கைதட்டல்)

இன்னொன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டுகிறான். எல்லாம் மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது. அம்மையார் பாராட்டுகிற மாதிரியே சொல்கிறார்: உங்க ஆயுதம் எல்லாம் அழகாக இருக்கு, எங்க ஆளுடையது நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கு. டூல் ரூமில் ஒரு டூல் புதுசாகவே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அந்த மெஷின் ஓடவே இல்லை என்று அர்த்தம்! (பலத்த சிரிப்பு)

அப்படிப்பட்ட வீரன் கையில் ஒரு நெல்லிக்கனி கிடைக்கிறது. பெரிய மலையின் பிளவில், போய்ப் பறிப்பதற்கே அரிதான இடத்தில் விளைந்தது. சாவைத் தள்ளிவைக்கும் கனி. அதைச் சாப்பிட்டவர் ரொம்ப நாள் இருப்பார் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வையாருக்குத் தெரியாது. அவன் சொல்லவும் இல்லை. விஷயத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான். அம்மையார் பின்னால்தான் தெரிந்துகொண்டு உருகுகிறார்.

எனக்கு அந்தக் கொடையைவிட அந்த மறைத்தல்தான் பெரிதாகப் படுகிறது. அலெக்சாண்டர் படையே பார்க்க ஊற்றினான். அதிலும் பெருமை உண்டு, படைக்குத் தெம்பு வேண்டுமே. இவனோ பார்க்க ஒருவரும் இல்லாமல் கொடுத்தான். நம்ம ஊரில் தண்ணீர்ப் பந்தல் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார்கள். டம்ளரில் கொடுத்தவர் பேர், அப்பா பேர், ஊர் பேர். டம்ளருக்குச் சங்கிலி வேறு! கொடுத்தும் ஆச்சு, விடவும் இல்லை! (சிரிப்பு)

இதெல்லாம் புலவர் சொன்னதுதானே, சோறு போட்டவரைப் பாடத்தானே செய்வார் என்று எதிரணியில் கேட்பார்கள். கேட்கட்டும். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்கிற ஊரில் பாறையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று பெயர் பொறித்திருக்கிறது. அசோகர் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் இவர்களோடு சத்தியபுத்திரர் என்று ஒரு பெயரையும் சொல்கிறார். அது யார், அது யார் என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜம்பைக் கல் பதில் சொன்னது: அதியமான் பரம்பரை.

அந்தக் கல்வெட்டில் என்ன செய்தி? இந்த இடம்தான் எனக்கு முக்கியம். பழைய கோவலூர் என்பது இன்றைய திருக்கோவிலூர். அதியமான் போரிட்டு வென்ற பகுதி. வென்ற மண்ணில் ஒருவன் கல்வெட்டு வெட்டினால் என்ன வெட்டுவான்? 'இன்னாரை அடித்தேன், இத்தனை யானை பிடித்தேன்' என்றுதானே? இதில் அப்படி ஒரு எழுத்து கிடையாது. துறவிகள் தங்குவதற்கு இந்த இருப்பிடத்தை அஞ்சி கொடுத்தான், அவ்வளவுதான். வென்ற ஊரின் வாசலிலேயே கொடுத்ததைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவர் அவர்களே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான். தகடூர் விழுந்தது. அந்தப் போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலே இருந்தது. இன்றைக்குச் சில பாட்டுகள்தான் மிச்சம். அதியமான் மார்பில் வேல் தைத்துச் செத்தான். ஜெயித்தவனுக்கு என்ன பட்டம் கிடைத்தது? 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை.' தோற்றவன் ஊரைச் சொல்லாமல் ஜெயித்தவன் பெயரைச் சொல்ல முடியவில்லை! அந்தச் சேரனையும் நான் குறை சொல்ல மாட்டேன். முரசுக் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனாரை வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறிவிட்டவன் அவன்தான். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது விசிறியைத்தான், வாளை இல்லை.

தம்பி, இப்போது உங்க கேள்வி.

அதியமானுக்குப் பிள்ளை இருந்தான். போர்க்களத்திலிருந்து வந்து பிறந்த குழந்தையைப் பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண் இன்னும் மாறவில்லை என்று அவ்வையார் பாடுகிறார். மகன் பெயர் பொகுட்டெழினி. அந்த மகனைப் பற்றி அம்மையார் இன்னொரு உவமை சொல்கிறார். உப்பு வணிகர் வண்டி. பாரம் ஏராளம். மாடுகளோ நுகம் பழகாத இளம் மாடுகள். பள்ளத்தில் இறங்கணும், மேட்டில் ஏறணும். வழியில் என்ன ஆகுமோ? அதனால் வண்டிக்குக் கீழே கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினி அப்படிப்பட்டவன் என்கிறார். நம்ம பாஷையில் ஸ்டெப்னி! தொப்பூர் மேட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இந்த உவமையின் அருமை தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சு வலி வந்து, இதய ஆபரேஷன் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். புறநானூறு நினைவுக்கு வரவில்லை. இன்சூரன்ஸ் பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியாதே, அதுதான் நினைவுக்கு வந்தது. மகனிடம் ஒரு கணக்கும் சொன்னதில்லை. 'சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்' என்று இருந்துவிட்டேன். அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு! எனக்கு ஒரு நெல்லிக்கனி கிடைத்திருந்தால் நானே தின்றிருப்பேன். ஏனென்றால் என் வண்டியில் சேம அச்சு கட்டவில்லை. கட்டினவனால்தான் கனியைக் கொடுக்க முடிந்தது.

அலெக்சாண்டருக்கு வருவோம். கி.மு. 323-இல் பாபிலோனில் காய்ச்சல் கண்டு செத்தான். முப்பத்து மூன்று வயது நிரம்பவில்லை. உலகத்தில் பாதியை வென்றவன், அடுத்தவன் யார் என்று ஏற்பாடு செய்யவில்லை. பிள்ளை அப்போது வயிற்றில் இருந்தது. தளபதிகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டார்கள். சில வருஷங்களுக்குள் அவன் தாயைக் கொன்றார்கள். மனைவியையும் அந்தப் பிள்ளையையும் கொன்றார்கள். குடும்பம் என்ன ஆகிறது என்று நீங்க கேட்டீங்களே தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் பாபிலோன். தகடூரும் வீழ்ந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குலம் அற்றுப்போகவில்லை. நாமக்கல் மலையைக் குடைந்து கோயில் எடுத்தவன் அதியர் குலத்தவன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், ஆயிரம் வருஷத்துக்கும் அப்பால், தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் தன்னை அதியமான் வழி என்றுதான் சொல்லிக்கொண்டான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

அதியமான் இறந்ததும் அவனுக்கு நடுகல் நட்டார்கள். மயிற்பீலி சூட்டி, சின்னக் கலயத்தில் கள் வைத்தார்கள். அவ்வையார் அதைப் பார்த்து அழுகிறார். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சொட்டுக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார்.

இன்று காலையில் இங்கே நண்பர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி மதில் சுவரை ஒட்டி ஒரு கல்லைக் காட்டினார். கையில் வில், பக்கத்தில் மாடுகள். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்தப் பக்கத்தில் அதை நடுகல் என்று யார் சொல்கிறார்கள்? வேடியப்பன் சாமி. கன்னடம் பேசுகிற வீட்டு அம்மா ஒருத்தர் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். கல்லின் காலடியில், யாரோ ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் டம்ளரில், அரை டம்ளர் டீ இருந்தது. அந்த டம்ளரில் பேர் எழுதவில்லை.