பூட்டைத் தட்டிப் பார்ப்பவர்கள் – 9: கையேட்டை இப்போது படிப்பது யார்?

ஹாலிவுட் படங்களில் ஹேக்கர் தட்டச்சு செய்தால் திரையில் பச்சை எழுத்துகள் மழையாகக் கொட்டும், அவ்வளவுதான். 2003இல் வந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' அதற்கு விலக்கு. ட்ரினிட்டி மின்நிலையக் கணினிக்குள் புகும்போது திரையில் ஓடியது நிஜ மென்பொருள்: என்மேப். கோர்டன் லியோன் என்பவர் 'ஃபியோடர்' என்ற புனைபெயரில் 1997 செப்டம்பரில், 'ஃப்ராக்' மின்னிதழின் 51ஆம் இதழில் வெளியிட்ட நிரல் அது.

ஒரு கணினியில் எந்தெந்த போர்ட், அதாவது பிணைய வாசல், திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. திறந்தது, மூடியது என்ற இரண்டோடு அதன் கையேடு நிறுத்திக்கொள்வதில்லை. ஆறு நிலைகளைச் சொல்கிறது. யூடிபி போர்ட் ஒன்றைத் தட்டியும் பதிலே வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஆள் இருந்தும் வாய் திறக்காமல் இருக்கலாம். வழியில் ஃபயர்வால் அந்தத் தட்டலையே விழுங்கியிருக்கலாம். என்மேப் இதில் ஊகத்துக்குப் போவதில்லை. 'திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது' என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடும். ஏன் அப்படி என்பதையும் கையேடு பொறுமையாக விளக்கும்.

அந்தப் பொறுமை மனித வாசகருக்கானது. இன்று ஊடுருவல் சோதனையில் ஏஐ ஏஜென்ட்டுகளும் இதே கருவியை இயக்குகின்றன. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குப் போய்ச் சேருவது அதன் பெயர், சிறு விவரிப்பு, என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல். இணைப்பு நிரல் எழுதியவர் அந்த விவரிப்பில் 'போர்ட்களை ஸ்கேன் செய்யும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அந்த ஆறு நிலைகளின் விளக்கம் அங்கேயே காணாமல் போகிறது. ஏஜென்ட் இரட்டை நிலையைப் பார்த்துவிட்டு 'திறந்திருக்கிறது' என்று அறிக்கை எழுதினால், இல்லாத ஓட்டையைத் தேடி யாரோ ஒருவருடைய ஒரு நாள் வேலை வீணாகும்.

கருவியில் ஒரு சின்ன விதியை மாற்றினால் அவ்வளவு வித்தியாசம் வருமா? வரும். நிரல்களில் பிழை திருத்தும் ஏஜென்ட்டைக் கட்டிய அனுபவத்தை ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் பகிர்ந்துகொண்டது. ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குள் போனதும் கோப்புகளின் பாதையைத் தப்பும் தவறுமாகக் கொடுத்தது. எப்போதும் முழுப் பாதையையே தர வேண்டும் என்று கருவியை மாற்றியதும் தடுமாற்றம் நின்றுபோனது.

மௌனம் இன்னொரு தலைவலி. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் உருவாக்கிய எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்டில், ஒரு கட்டளை எதையும் அச்சிடாமல் முடிந்தால், 'வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை' என்று வெளிப்படையாகவே ஒரு செய்தி போகும். மனிதருக்கு இது வேண்டாத பேச்சு, ஏஜென்ட்டுக்கு அப்படியில்லை. அதையே விரித்துப் பாதுகாப்புப் போட்டிப் புதிர்களுக்காகக் கட்டிய 'எனிக்மா'வில் இன்னும் விசித்திரம் நடந்தது. சில வேளைகளில் மாடல் கட்டளையைத் தானே எழுதி, கருவியின் பதிலையும் தானே கற்பனை செய்து, அதன் மேல் அடுத்த முடிவையும் எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் நாடக மேடையில் நாயகன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் தனிமொழி.

தரவுத்தள ஓட்டைகளைத் தேடும் எஸ்க்யூஎல்மேப் கருவியின் சங்கடம் வேறு. பாதியில் நின்று 'தொடரட்டுமா?' என்று கேட்கும் பழக்கம் அதற்கு உண்டு. கேள்வி கேட்காமல் ஓட 'பேட்ச்' என்ற தெரிவு இருக்கிறது. அதை விவரிப்பில் குறிப்பிடாவிட்டால், பதில் சொல்ல ஆளில்லாமல் சோதனை பாதியில் நின்றுவிடலாம்.

எனவே ஆவணத்தின் தரத்தை அளக்க நடையழகைப் பார்த்துப் பயனில்லை. விடை தெரிந்த ஒரு சோதனைக் கணினியை அமைக்க வேண்டும்: திறந்த போர்ட் ஒன்று, மூடியது ஒன்று, ஃபயர்வால் விழுங்கும் யூடிபி ஒன்று. ஆவணத்தை மட்டும் கையில் கொடுத்து ஏஜென்ட்டை ஓடவிட்டு, லாக்கில் அது எங்கே இடறியது என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றி, மறுபடி ஓட்டம். ஒரு முறை சரியாக வந்தால் நம்பிவிடவும் கூடாது. அதே ஏஜென்ட் அடுத்த ஓட்டத்தில் வேறு வழியில் போகும்.

தெளிவாக இருப்பதெல்லாம் நல்லதும் அல்ல. 2025 ஏப்ரலில் ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டிய உதாரணத்தில், இரண்டு எண்களைக் கூட்டும் அப்பாவிக் கருவி ஒன்று. அதன் விவரிப்புக்குள், பயனரின் எஸ்எஸ்ஹெச் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து, 'பக்கக் குறிப்பு' என்ற உள்ளீட்டில் போட்டு அனுப்பச் சொல்லும் கட்டளை ஒளிந்திருந்தது. பயனர் கண்ணுக்குச் சுருக்கம் மட்டும் தெரியும். மாடலுக்கு முழுதும் தெரியும். விவரிப்பு மிகத் தெளிவு. சாவி போனதும் அந்தத் தெளிவால்தான்.

ஸ்கேன் செய்து பழகுவதற்கென்றே என்மேப் குழு 'ஸ்கேன்மீ' என்ற கணினியை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. நாளைக்குச் சில முறை தட்டலாம், நூறு முறை வேண்டாம் என்று அங்கே வேண்டுகோளும் உண்டு. முடிவு பிடிக்காமல் திரும்பத் திரும்ப முயலும் ஏஜென்ட், டீ ஆறுவதற்குள் அந்த நூறைத் தாண்டிவிடும். இணைப்பு நிரலின் விவரிப்பில் அந்த எண்ணை யாராவது எழுதி வைத்திருந்தால் ஒழிய, அப்படி ஒரு வேண்டுகோள் இருப்பதே அதற்குத் தெரியாது.